நெடும் பிரயாணத்துக்கு ஒரு நடு வகுப்பு

தமிழ்நாட்டில் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் தாய் தகப்பன்மார் பலருக்கு இன்று ஆகாய விமானப் பிரயாணம் என்பது உல்லாசமும் அன்று, வியாபாரமும் அன்று. கடல் கடந்து குடியேறிவிட்ட மகனையும் மகளையும், பிறந்த நாள் முதல் கைப்பேசித் திரையில் மட்டுமே பார்த்துப் பழகிய பேரக் குழந்தையையும் நேரில் காண்பதற்கு உள்ள ஒரே மார்க்கம் அது. சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரே செல்லும் விமானம் ஏறக்குறையப் பதினோரு மணி நேரம் பறக்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போகிறவர்களோ நடுவில் ஏதேனும் ஓர் ஊரில் இறங்கி ஏறி, புறப்பட்ட வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வீட்டு வாசல் வரைக்கும் முழுதாக ஒரு பகலையும் ஓர் இரவையும், சில சமயம் அதற்கு மேலும், கழிக்க வேண்டியிருக்கிறது. அறுபத்தைந்து வயதுக்கு மேல், முழங்கால் வலியோடும் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரைகளோடும், மூன்று பேர் நெருங்கி அமரும் வரிசையின் நடு ஆசனத்தில் அத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது சரீரத்துக்கு எத்தகைய சிரமம் என்பதை அநுபவித்தவர்கள் அறிவார்கள். படுத்து உறங்கிக்கொண்டே போகலாம் என்று பிசினஸ் வகுப்பை விசாரித்தாலோ, அதன் கட்டணம் அநேகமாகச் சாதாரண வகுப்பைப்போல் மூன்று, நான்கு மடங்காக இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே பிரீமியம் எகானமி என்று ஒரு நடு வகுப்பு இருப்பதையும், அது சில சந்தர்ப்பங்களில் எதிர்பாராத அளவுக்கு மலிவாகக் கிடைப்பதையும், அந்தச் சந்தர்ப்பங்கள் வெறும் அதிர்ஷ்டத்தால் வருவன அல்ல, ஒரு கணக்கினால் வருவன என்பதையும் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் உத்தேசம்.

முதலில் அந்த வகுப்பு தருவது என்ன என்று பார்ப்போம். சாதாரண வகுப்பில் ஓர் ஆசனத்துக்கும் அதற்கு முன்னுள்ள ஆசனத்துக்கும் உள்ள தூரம் பெரும்பாலும் 31 அல்லது 32 அங்குலம். நடு வகுப்பில் அது 38 அங்குலமாகவும், எமிரேட்ஸ் போன்ற சில கம்பெனிகளில் 40 அங்குலமாகவும் இருக்கிறது. ஆசனத்தின் அகலம் 17 அல்லது 18 அங்குலத்திலிருந்து பதினெட்டரை, பத்தொன்பதரை அங்குலம் வரை கூடுகிறது. முதுகுப் பலகை இன்னும் சற்றுச் சாய்கிறது. காலைத் தாங்குவதற்கு ஒரு பலகை இருக்கிறது. படுக்கை இல்லை, ஆசனம் ஆசனமாகவேதான் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் எண்களைவிட முக்கியமான ஒரு சௌகரியத்தை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. போயிங் 777 ரக விமானத்தின் சாதாரண வகுப்பில் ஒரு வரிசைக்கு மூன்று, நான்கு, மூன்று என்று பத்து ஆசனங்கள் உண்டு. அதே விமானத்தின் நடு வகுப்பில் இரண்டு, நான்கு, இரண்டு என்று எட்டே ஆசனங்கள். ஆகவே கணவனும் மனைவியுமாகச் செல்லும் இருவருக்கு ஜன்னலோரத்தில் மூன்றாவது மனிதர் இல்லாத தனி இடம் கிடைக்கிறது. நடு இரவில் எழுந்து கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் முன்பின் அறியாத ஒருவரைத் தட்டி எழுப்ப வேண்டியதில்லை. வயதான தம்பதிகளுக்கு இந்த ஒரு சௌகரியமே கொடுத்த பணத்தில் பாதிக்குச் சமம் என்பது என் அபிப்பிராயம்.

இந்த வகுப்பு புராதனமானது அன்று. 1990களின் தொடக்கத்தில் தைவான் தேசத்து ஈவா ஏர் நிறுவனமும் பிரிட்டனின் வர்ஜின் அட்லாண்டிக் நிறுவனமும் இதைத் தோற்றுவித்தன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2000ஆம் ஆண்டில் இதைப் பின்பற்றியது. மற்றப் பெரிய கம்பெனிகள், பிசினஸ் வகுப்பில் போகிறவர்கள் செலவைக் குறைத்துக்கொண்டு இதில் ஏறிவிடுவார்களோ என்று அஞ்சி நெடுங்காலம் தயங்கி நின்று, லுஃப்தான்சா 2014லும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2015லும், எமிரேட்ஸ் 2022லும்தான் இதற்கு வந்து சேர்ந்தன. இந்தியாவில் 2015 ஜனவரியில் பறக்கத் தொடங்கிய விஸ்தாரா இந்த வகுப்பை அறிமுகம் செய்தது. அது 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்துவிட்டது. ஏர் இந்தியா புதிதாக வாங்கிய ஏ350 விமானத்தில் உள்ள 316 ஆசனங்களில் 24 நடு வகுப்பைச் சேர்ந்தவை. இவ்வகுப்பு எவ்வளவு தூரம் வேரூன்றிவிட்டது என்பதற்குச் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு ஏறக்குறைய 15,300 கிலோமீட்டர் தூரத்தைப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேலாக இடைநிற்காமல் கடக்கும் விமானமே சாட்சி: அதில் 67 பிசினஸ் வகுப்பு ஆசனங்களும் 94 பிரீமியம் எகானமி ஆசனங்களும் இருக்கின்றன, சாதாரண வகுப்பு என்பதே கிடையாது.

இனி, மலிவு எங்கிருந்து வருகிறது என்ற விஷயத்துக்கு வருவோம். பி.ஓ.ஏ.சி. என்று அழைக்கப்பட்ட பிரிட்டிஷ் விமானக் கம்பெனியில் பணியாற்றிய கென் லிட்டில்வுட் என்பவர் 1972ஆம் ஆண்டில் ஒரு விதியை வகுத்துக் கொடுத்தார். இன்று உலகத்தில் விற்கப்படும் அநேகமாக எல்லா விமான டிக்கெட்டுகளுக்கும் பின்னால் அந்த விதியின் வாரிசுகளே நின்று கணக்குப் போடுகின்றன. விதி எளிமையானது. ஓர் ஆசனத்தை இன்றைக்கே குறைந்த விலைக்குக் கேட்டு ஒருவர் நிற்கிறார். கொடுத்துவிடுவதா, அல்லது பின்னால் வந்து அதிக விலை கொடுக்கக்கூடிய ஒருவருக்காகக் காத்திருப்பதா என்பது கேள்வி. பின்னால் வருகிறவர் 2,00,000 ரூபாய் தருவார் என்றும், இன்று நிற்பவர் 1,20,000 ரூபாய் தருவார் என்றும் வைத்துக்கொண்டால், அந்தப் பெரிய விலைக்காரர் வருவதற்கான சாத்தியம் நூற்றுக்கு அறுபதுக்குக் குறைவாக இருக்கும் வரையில் இன்றைக்கே கொடுத்துவிடுவதுதான் லாபம். அறுபதுக்கு மேல் போனால் காத்திருப்பது லாபம். அவ்வளவுதான் விதி. ஆனால் இதை ஒவ்வொரு விமானத்துக்கும், ஒவ்வொரு நாளுக்கும், ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்படும் பல உள்விலைகளுக்கும் இடைவிடாமல் கணித்துக்கொண்டே இருப்பதற்குப் பெரிய இயந்திரங்கள் வேண்டும். அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவராக இருந்த ராபர்ட் கிராண்டால் 1985 ஜனவரியில் அத்தகைய இயந்திரக் கணக்கின் பலத்தைக்கொண்டே, முன்கூட்டி வாங்குகிறவர்களுக்கு மட்டும் பெருந்தள்ளுபடி என்று அறிவித்து, அதுவரை மலிவுக்குப் பேர்போன பீப்பிள் எக்ஸ்பிரஸ் கம்பெனியின் வாடிக்கைக்காரர்களைத் தம் பக்கம் இழுத்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் அந்தக் கம்பெனி கைமாறி, அதன் பெயரும் மறைந்தது.

இந்த விதியை நடு வகுப்புக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். அந்த அறை சிறியது. இருபத்து நான்கு ஆசனங்கள், மிஞ்சினால் ஐம்பத்தாறு. இவ்வளவு சிறிய அறையில் ஒரு கல்யாணக் கூட்டமோ ஒரு கம்பெனியின் ஊழியர் குழுவோ வந்து பத்து ஆசனங்களை எடுத்துக்கொண்டால் மறுநாளே விலை ஏறிவிடுகிறது; அப்படி ஒருவரும் வராத ஒரு செவ்வாய்க்கிழமை விமானத்தில் பாதி அறை காலியாகக் கிடக்குமோ என்ற பயத்தில் விலை வெகுவாக இறங்கிவிடுகிறது. சாதாரண வகுப்பின் கட்டணம் நாளுக்கு நாள் மெல்ல அசைகிறது என்றால், நடு வகுப்பின் கட்டணம் துள்ளி ஏறுகிறது, துள்ளி இறங்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நடப்பதும் இல்லை. பள்ளி விடுமுறைக் காலத்தில் சாதாரண வகுப்பு நிரம்பி அதன் விலை உச்சிக்குப் போய் நிற்கும்போது, அதே விமானத்தின் நடு வகுப்பு தன் பழைய விலையிலேயே இருக்க, இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறுகிப்போகும் நாட்கள் உண்டு.

ஆகவே நடு வகுப்பில் தேட வேண்டியது குறைந்த விலையை அன்று, குறைந்த வித்தியாசத்தை. இந்த ஒரு விஷயத்தைத்தான் இக்கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எப்படியும் பிரயாணம் செய்யத்தான் போகிறோம். சாதாரண வகுப்புக்கு உரிய பணம் எப்படியும் கொடுக்கத்தான் போகிறோம். அதற்கு மேல் கொடுக்கும் தொகைதான் சௌகரியத்தின் விலை. அந்தத் தொகையை, அந்த ஆசனத்தில் உட்கார்ந்திருக்கப் போகும் மணிகளால் வகுத்துப் பார்க்க வேண்டும். போகவும் வரவுமாக முப்பது மணி நேரம் நடு வகுப்பில் இருக்கப்போகிறோம், வித்தியாசம் 45,000 ரூபாய் என்றால், மணிக்கு 1,500 ரூபாய் ஆகிறது. அது தமக்குத் தகுமா தகாதா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் நிலைமைக்கு ஏற்ப முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் மொத்தக் கட்டணத்தைப் பார்த்து மலைத்துப்போவதைவிட இப்படிப் பிரித்துப் பார்த்து முடிவு செய்வது நியாயமானது.

வித்தியாசத்தைக் கணக்கிடும்போது வரியை மறந்துவிடக் கூடாது. இந்தியாவில் வாங்கும் விமான டிக்கெட்டில் சாதாரண வகுப்புக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 5. அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு முன்பு 12 ஆக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22ஆம் தேதியிலிருந்து 18 ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. படுக்கையோடு கூடிய பிசினஸ் வகுப்பையும், ஏழு அங்குலம் கூடுதல் இடம் தரும் நடு வகுப்பையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தியது நடுத்தரக் குடும்பங்களுக்கு நேர்ந்த அநியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. சாதாரண வகுப்பின் அடிப்படைக் கட்டணம் 80,000, நடு வகுப்பின் கட்டணம் 1,20,000 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 40,000 என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் முதலாவதற்கு வரி 4,000, இரண்டாவதற்கு 21,600 ஆகிறபடியால் உண்மையில் 57,600 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம். பிரிட்டனிலும் இதைப்போன்ற ஒரு சங்கதி உண்டு. அந்நாட்டிலிருந்து புறப்படும் ஒவ்வொரு பிரயாணியும் ஒரு வரி செலுத்த வேண்டும். இந்தியாவுக்கு வருகிறவர்களுக்கு 2026 ஏப்ரல் முதல் அது விமானத்தின் கடைசி வகுப்பில் 102 பவுன், மற்ற வகுப்புகளில் 244 பவுன் என்று நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. லண்டனில் மகளோடு இரண்டு மாதம் தங்கிவிட்டுத் திரும்பும் பெற்றோர் இதைக் கொடுத்தே ஆக வேண்டும். ஒரே டிக்கெட்டில் லண்டன் வழியாக நியூயார்க்குக்குப் போகிறவர்கள், அங்கே 24 மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் ஏறிவிட்டால், கொடுக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறாகக் கணக்கில் நமக்கு வரவாகும் சங்கதியும் உண்டு, அது சாமான். ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும் போகும்போது சாதாரண வகுப்பின் மலிவான கட்டணங்களில் பெரும்பாலும் 23 கிலோ எடையுள்ள ஒரு பெட்டிதான் அனுமதி. நடு வகுப்பில் இரண்டு பெட்டி. ஊறுகாயும் மசாலாப் பொடியும் பேரனுக்குப் பட்சணமுமாக இரண்டாவது பெட்டியை எப்படியும் கொண்டுபோகத்தான் போகிறோம் என்றால், அதற்குத் தனியாகக் கட்ட வேண்டிய தொகையை வித்தியாசத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பிரயாணத்தில் பல கம்பெனிகள் சாதாரண வகுப்பிலேயே இரண்டு பெட்டி கொடுத்துவிடுவதால் அங்கே இந்த லாபம் இல்லை.

எப்போது வாங்குவது என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் விடை சொல்லிவிட முடியாது. பொழுது சாய்ந்த பின் கீரைக்காரி மிச்சம் இருக்கும் கட்டுகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் போவதைப்போல, விமானம் புறப்படுகிற நாள் நெருங்க நெருங்க விலை இறங்கும் என்று நம்பியிருப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். கடைசி நாளில் வருகிறவர் அவசரத்தில் வருகிறார், அவசரக்காரர் அதிகம் கொடுப்பார் என்பதே லிட்டில்வுட் விதியின் சாரம். ஆதலால் கடைசி இரண்டு வாரத்தில் கட்டணம் பெரும்பாலும் ஏறத்தான் ஏறும். மறுபக்கத்தில், பதினொரு மாதத்துக்கு முன்னால், விற்பனை தொடங்கிய அன்றே வாங்குவதிலும் விசேஷம் இல்லை; மலிவான உள்விலைகள் அப்போது முழுவதும் திறந்துவிடப்படுவதில்லை. கூட்டம் குறைந்த காலத்துக்கு இரண்டு முதல் ஐந்து மாதங்களுக்கு முன்பும், கூட்டமான காலத்துக்கு அதைவிடச் சற்று முன்னதாகவும் கவனிக்கத் தொடங்குவது உசிதம் என்பது என் கணிப்பு. கூட்டமான காலம் எது என்பது தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குத் தெரியாதது அன்று: இங்கிருந்து அமெரிக்காவுக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரையிலும், அங்கிருந்து இங்கே டிசம்பர் மாதத்திலும் விமானங்கள் நிரம்பி வழியும். பொங்கல் கழிந்து மார்ச் பாதி வரையிலும், ஆகஸ்டுக்குப் பிறகு நவம்பர் வரையிலும் புறப்படுகிறவர்களுக்குச் சலுகைக் கட்டணம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அந்த மாதங்களிலும் வெள்ளி, ஞாயிற்றுக்கிழமைகளைவிடச் செவ்வாயும் புதனும் மேல்.

ஓய்வு பெற்றவர்களின் கையில் உள்ள பெரிய செல்வம் இங்கேதான் உபயோகப்படுகிறது. உத்தியோகஸ்தருக்கு விடுப்பு நாள் நிச்சயம்; பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை நிச்சயம்; இவர்கள் கேட்ட விலையைக் கொடுத்தே தீர வேண்டியவர்கள். ஓய்வு பெற்றவருக்கோ இந்த வாரம் போனால் என்ன, மூன்று வாரம் கழித்துப் போனால் என்ன? நிரம்பாத விமானத்தைத் தேடிப் போகக்கூடிய சாவகாசம் அவருக்குத்தான் உண்டு. விமானக் கம்பெனியின் கணக்கு இயந்திரம் யாருக்காக விலையை இறக்குகிறதோ அந்த மனிதர் அவர்தான்.

தேடுவதற்குரிய சாதனங்களில் கூகிள் ஃப்ளைட்ஸ் எல்லோருக்கும் எளியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக் கழகத்தைச் சேர்ந்த கணினி நிபுணர்கள் தொடங்கிய ஐ.டி.ஏ. என்ற நிறுவனத்தைக் கூகிள் 2011இல் வாங்கி, அதன் கணக்கீட்டைக்கொண்டு அமைத்த சாதனம் அது. அதில் வகுப்பைப் பிரீமியம் எகானமி என்று மாற்றி, தேதியை ஒரு நாளாக வைக்காமல் மாதம் முழுவதற்குமான விலைப் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும். பிறகு வகுப்பைச் சாதாரணமாக மாற்றி அதே படத்தை மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வித்தியாசம் குறுகும் நாட்கள் தாமே தெரியும். விலை இறங்கினால் மின்னஞ்சலில் அறிவிக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டுச் சில வாரங்கள் பொறுத்திருக்கலாம்.

எந்த ஊரிலிருந்து புறப்படுகிறோம் என்பதும் விலையை மாற்றுகிறது. கட்டணத்தைத் தூரம் நிர்ணயிப்பதில்லை, போட்டி நிர்ணயிக்கிறது; ஆகையால் ஒரே விமானத்தில், ஒரே வரிசையில், சென்னையில் பிரயாணத்தைத் தொடங்கியவரும் கொழும்பில் தொடங்கியவரும் வேறு வேறு விலை கொடுத்து உட்கார்ந்திருப்பார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய ஊர்க்காரர்களுக்குச் சென்னையைவிடப் பெங்களூர் விமான நிலையம் கிட்ட இருக்கிறது. நெடுந்தூர விமானங்களும் அங்கே அதிகம். எமிரேட்ஸ் 2023 அக்டோபரில் தன் நடு வகுப்பைப் பெங்களூருக்கும் கொண்டுவந்தது. சென்னைக்காரரும் ஒரு தடவை அந்த ஊரை வைத்து விசாரித்துப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. ஆனால் வேறு ஊருக்குத் தனி டிக்கெட்டில் விமானம் ஏறிப் போய் அங்கிருந்து நெடும் பிரயாணத்தைத் தொடங்குவதில் ஓர் அபாயம் உண்டு. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. டிக்கெட் முழுவதும் வீணாகும். மூத்தவர்களை அத்தகைய அவஸ்தைக்கு உட்படுத்திச் சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

விளம்பரப் பெயர்களைக் கண்டு மயங்காமல் இருப்பதும் அவசியம். யுனைடெட் கம்பெனியில் எகானமி பிளஸ் என்று ஒன்று உண்டு, பிரீமியம் பிளஸ் என்று மற்றொன்றும் உண்டு. முன்னது சாதாரண வகுப்பிலேயே கால் நீட்டச் சற்று இடம் விட்டுப் போட்ட அதே குறுகிய ஆசனம். பின்னதுதான் தனி அறையாக அமைந்த நடு வகுப்பு. டெல்டாவில் கம்ஃபர்ட் என்பது முன்னதைச் சேர்ந்தது. பிரீமியம் செலக்ட் என்பது பின்னதைச் சேர்ந்தது. கத்தார் ஏர்வேஸில் இந்த நடு வகுப்பே இல்லை. இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது, இடையில் மாறிச் செல்லும் டிக்கெட்டுகளில் எல்லாப் பகுதியும் நடு வகுப்பாக இருப்பதில்லை என்பது. சென்னையிலிருந்து இடை ஊர் வரைக்கும் செல்லும் சிறிய விமானத்தில் அந்த வகுப்பே இல்லாமல், அடுத்த நீண்ட பகுதியில் மட்டும் இருக்கலாம். அது குற்றமில்லை, நீண்ட பகுதியில்தான் அது வேண்டும். ஆனால் சில சமயம் இது தலைகீழாகி, நான்கு மணி நேரப் பகுதியில் நடு வகுப்பும், பதினான்கு மணி நேரப் பகுதியில் சாதாரண வகுப்புமாக ஒரு டிக்கெட் மலிவு போல வந்து நிற்கும். பணம் கட்டுமுன் ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே எந்த வகுப்பு எழுதியிருக்கிறது, எந்த ரக விமானம் குறித்திருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட வேண்டும்.

சாதாரண வகுப்பில் டிக்கெட் வாங்கிவிட்டுப் பின்னால் மேல் வகுப்புக்கு ஏறிக்கொள்ளும் வழியும் உண்டு. லுஃப்தான்சா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்ற கம்பெனிகள், காலியாக இருக்கும் நடு வகுப்பு ஆசனங்களுக்குப் பிரயாணிகளையே விலை கேட்கச் சொல்லி, ஏலம் போன்ற ஒரு முறையில் கொடுக்கின்றன. கேட்ட தொகை ஏற்கப்பட்டால் புறப்படுவதற்குச் சில நாள் முன்னர் செய்தி வரும். ஏற்கப்படாவிட்டால் பணம் பிடிக்கப்படுவதில்லை. அந்தத் தொகை ஒரு நபருக்கு, ஒரு பகுதிக்கு மட்டுமானது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, நேரடியாக வாங்கினால் எவ்வளவு ஆகியிருக்குமோ அந்த வித்தியாசத்தில் பாதிக்கு மேல் கேட்காமல் இருப்பது சாமர்த்தியம். ஆயினும் இது நிச்சயமில்லாத வழி. கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டாலும் போய்விடலாம் என்கிற தேகபலம் உள்ளவர்களுக்கே உரியது. மைல் புள்ளிகள் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மாதந்தோறும் அடுத்த மாதப் பிரயாணத்துக்காக அறிவிக்கும் நூற்றுக்கு முப்பது புள்ளித் தள்ளுபடியில் நடு வகுப்பும் இடம்பெறுவது உண்டு. இதிலும் தேதியைப் பற்றிக் கவலைப்படாதவருக்கே பயன்.

போகும்போது ஒரு வகுப்பும் வரும்போது ஒரு வகுப்புமாக வாங்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பகலில் பறக்கும் பகுதியைச் சாதாரண வகுப்பில் கழித்துவிட்டு, இரவு முழுவதும் பறக்கும் பகுதிக்கு மட்டும் நடு வகுப்பை வைத்துக்கொண்டால், கூடுதல் செலவு ஏறக்குறையப் பாதியாகவும் பயன் பாதிக்கு மேலாகவும் இருக்கும். அநேகக் கம்பெனிகள் இதை ஒரே டிக்கெட்டில் அனுமதிக்கின்றன.

நல்ல விலை கண்ணில் பட்டும், வீட்டில் எல்லோரையும் கலந்து பேசுவதற்குள் அது போய்விடுகிறதே என்று வருந்துகிறவர்களுக்கு அமெரிக்கச் சட்டத்தில் ஓர் உபகாரம் உண்டு. அமெரிக்காவுக்கு வந்துபோகும் விமானங்களில், புறப்படுவதற்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது, விமானக் கம்பெனியிடமே நேரடியாக எடுத்த டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்துகொள்ளலாம். அல்லது பணம் கட்டாமல் அவ்வளவு நேரம் அதே விலைக்கு நிறுத்தி வைக்கலாம். அங்கே இருக்கும் பிள்ளைகள் விலையைக் கண்டவுடன் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு சாவகாசமாக அப்பா அம்மாவோடு பேசி உறுதி செய்யலாம். அதற்காக ஊரில் உள்ள பிரயாண ஏஜெண்டுகளை ஒதுக்கிவிட வேண்டும் என்பதில்லை. பொதுமக்கள் பார்வைக்கு வராத மொத்த விலைக் கட்டணங்கள் சிலருடைய கையில் இருக்கின்றன. கேட்டுப் பார்க்க வேண்டும். தேதியை மாற்றினால் கம்பெனியின் அபராதத்துக்கு மேல் அவர்கள் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தேக ஆரோக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பிரயாணம் செய்கிறவர்களுக்குக் கால் நாளங்களில் இரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சி கூறுகிறது. ஆனாலும் மொத்தத்தில் அது ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு வரக்கூடியது என்றும் அதே ஆராய்ச்சி சொல்கிறது. காரணம் அசையாமை, ஆசனத்தின் விலை அன்று. நடு வகுப்பில் இருப்பவரும் மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்கத்தான் வேண்டும், கணுக்காலை அசைக்கத்தான் வேண்டும். அதைப்போலவே, விமான நிலையத்தில் நெடுந்தூரம் நடக்க இயலாதவர்களுக்கான சக்கர நாற்காலி உதவி எந்த வகுப்பில் டிக்கெட் எடுத்தாலும் உண்டு. அதற்காக மேல் வகுப்பு வாங்க வேண்டியதில்லை. சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ நான்கு மணி நேரம் போகிறவர்களுக்கும் இந்தச் செலவு அநாவசியம். இரவு முழுதும் பறக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பகுதிகளுக்குத்தான் நடு வகுப்பு தன் விலைக்குத் தகுந்தது.

கடைசியாக, வெளிநாட்டில் இருந்துகொண்டு பெற்றோருக்கு டிக்கெட் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பேரனின் பிறந்த நாளையோ உங்கள் அலுவலக விடுப்பையோ வைத்து முதலில் தேதியைக் குறித்துவிட்டு, அதற்குப் பிறகு விலையைப் பார்க்கிறீர்கள். அந்தத் தேதியில் நடு வகுப்பு எட்டாத உயரத்தில் இருப்பதைக் கண்டு, வேறு வழியில்லை என்று சாதாரண வகுப்பில் எடுத்து அனுப்புகிறீர்கள். அம்மாவையும் அப்பாவையும் ஒரு முறை கேளுங்கள். பத்து நாள் முன்பின்னாக வருவதில் அவர்களுக்குப் பெரும்பாலும் ஆட்சேபம் இருக்காது. அந்தப் பத்து நாளுக்குள் எந்த நாளில் இரு வகுப்புகளுக்கும் வித்தியாசம் மிகக் குறைவோ அந்த நாளைத் தேர்ந்தெடுத்து, ஜன்னலோரத்து இரண்டு ஆசனங்களை அவர்கள் பெயரில் பதிந்து அனுப்புங்கள்.